உள்ளாட்சி மன்றங்களும் அவற்றின் வழக்கறிஞர்களும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி ஆகிய உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் வழக்குகளை நடத்தவும், சட்டக் கருத்துப் பெறவும், தங்கள் ஊழியர் அல்லாத வழக்கறிஞர்களைக் கட்டணம் கொடுத்து அமர்த்திக்கொள்கின்றன. இவர்களை நிலை வழக்கறிஞர் என்பர். பேச்சு வழக்கில் 'முனிசிபாலிட்டி வக்கீல்', 'கார்ப்பரேஷன் வக்கீல்' என்ற பெயர்களே புழக்கத்தில் உள்ளன. வீட்டுவரி, கட்டட அனுமதி, ஆக்கிரமிப்பு, கடை ஏலம், ஒப்பந்ததாரரின் பாக்கி, துப்புரவுப் பணியாளரின் ஊதியம் என மன்றத்தின் மீது வரும் வழக்குகள் பல வகை. அவற்றில் மன்றம் தோற்றால் பணம் மக்களின் வரியிலிருந்துதான் போகும். ஆகவே மன்றம் யாரை வழக்கறிஞராக அமர்த்துகிறது, எப்படி அமர்த்துகிறது, அவர் யார் சொல்லைக் கேட்டு வாதாடுகிறார் என்பவை ஊர்ப்பொதுக் கேள்விகள்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, எங்கே பழுதுபட்டது, திருப்பூர் வட்டாரத்தில் அதன் பொருள் என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மன்றம் என்பது ஓர் 'ஆள்'

சட்டத்தின் பார்வையில் உள்ளாட்சி மன்றம் ஒரு கூட்டுருமம். தலைவர் மாறலாம், உறுப்பினர்கள் மாறலாம். மன்றம் மட்டும் தொடர்ந்து இருக்கும். அதற்குத் தனிப் பெயரும் பொது முத்திரையும் உண்டு. அது சொத்து வாங்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடரலாம். அதன் மீதும் வழக்குத் தொடரலாம். இது மாநகராட்சிக்கு மட்டும் உரியதன்று. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி சிற்றூராட்சியும் இத்தகைய கூட்டுருமமே. திருப்பூர் - தாராபுரம் சாலையில், பொங்கலூர் ஒன்றியத்தில் உள்ள அவிநாசிபாளையம் போன்ற ஊரின் ஊராட்சிக்கும், 60 வார்டுகள் கொண்ட திருப்பூர் மாநகராட்சிக்கும் இந்த ஒரு தகுதியில் வேறுபாடு இல்லை.

வேறுபாடு வசதியில் உள்ளது. மாநகராட்சியில் வழக்குக் கோப்புகளைக் கவனிக்கத் தனிப் பிரிவு இருக்கும். சிற்றூராட்சியில் தலைவரும் ஊராட்சிச் செயலரும்தான் எல்லாம். புறம்போக்கு நிலத்தில் ஒருவர் கம்பி வேலி போட்டுவிட்டு, ஊராட்சி மீதே உரிமையியல் வழக்கும் போட்டுவிட்டால், அந்த அழைப்பாணையை எடுத்துக்கொண்டு தலைவர் ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போயாக வேண்டும்.

போகாமல் இருக்கவும் முடியாது. உரிமையியல் வழக்கில் அழைப்பாணை கிடைத்த 30 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும்; நீதிமன்றம் காரணம் பார்த்து 90 நாட்கள் வரை அனுமதிக்கலாம். யாரும் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். ஊரார் மேய்ச்சலுக்கும் களத்துக்கும் பயன்படுத்திய நிலம், ஒருவரும் எதிர்த்துப் பேசாத காரணத்தாலேயே கைமாறிப் போகக்கூடும்.

ஏன் வெளியாள்?

மன்றமே ஒரு வழக்கறிஞரை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடை 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய வழக்கறிஞர் மன்றம் வகுத்த விதிகளில் இருக்கிறது. அவற்றின் 49-ஆம் விதிப்படி, முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் பொதுவாக வழக்கறிஞர் தொழில் செய்யக் கூடாது. நீதிமன்றத்தில் வாதாடுபவர் தம் முதலாளியின் ஆணைக்கு மட்டும் கட்டுப்பட்ட பணியாளாக இருக்கலாகாது என்பதே இதன் கருத்து. ஆகவே மன்றத்தில் சட்ட அலுவலர் இருந்தாலும், அவர் கோப்புகளைத் தயார் செய்வார். வாதாடுவதற்குப் பெரும்பாலும் வெளி வழக்கறிஞரையே நாட வேண்டியிருக்கிறது.

சரி, உறுப்பினர்களிலேயே வழக்கறிஞர் இருந்தால்? அதற்கும் தடை உண்டு. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் ஒரு தகுதியின்மையைச் சொன்னது; பின்னர் வந்த ஊராட்சிகள் சட்டமும் அதைச் சொல்கிறது. மன்றத்துக்காகக் கட்டணம் பெற்று வாதாடுபவரும், மன்றத்துக்கு எதிராக வாதாடுபவரும் அந்த மன்றத்தில் உறுப்பினராக இருக்க முடியாது. தீர்மானத்துக்குக் கை தூக்குபவரும் அந்தத் தீர்மானத்தால் கட்டணம் பெறுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற எளிய நியாயம்தான் இது.

ஒரே வழக்கறிஞர் எல்லா இடத்துக்கும் போதாது என்பதும் உண்மை. மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒருவர், உயர் நீதிமன்றத்துக்கு இன்னொருவர். உச்ச நீதிமன்றத்தில் அங்கே பதிவு பெற்ற வழக்கறிஞர் வழியாகத்தான் மனுத் தாக்கல் செய்ய முடியும். மூத்த வழக்கறிஞர் வேண்டுமென்றால், அவர் நேரடியாக வக்காலத்து போடுவதில்லை. இன்னொரு வழக்கறிஞர் அவரை அமர்த்த வேண்டும். ஒரு கடை வாடகைத் தகராறு மேல்முறையீடாக ஏறிக்கொண்டே போனால், கட்டணப் பட்டியலும் அதனுடன் ஏறும்.

சென்னை, 1688

இந்தியாவின் முதல் மாநகராட்சி சென்னையில் தோன்றியது. 1687 டிசம்பர் 30 நாளிட்ட பட்டயத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று அது தொடங்கியது. நதானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். மேயரும் ஆல்டர்மென்களும் ஊர் நிர்வாகத்தோடு மேயர் நீதிமன்றத்தையும் நடத்தினார்கள். அவர்களில் பலர் வணிகர்கள். சட்டம் படித்தவர்கள் அல்லர். எனவே சட்டம் அறிந்த ஒருவர் 'ரிக்கார்டர்' என்ற பெயரில் அவர்களுக்குத் துணையாக வைக்கப்பட்டார். சர் ஜான் பிக்ஸ் அப்பதவியை வகித்த முதல்வர்.

ரிக்கார்டர் இன்றைய நிலை வழக்கறிஞர் அல்லர். அவர் நீதி வழங்குவதில் உதவியவர். ஆனால் ஊரை ஆள்பவர்களுக்குச் சட்டம் தெரிந்த வெளியாளின் துணை தேவை என்ற எண்ணம் முதல் மாநகராட்சியோடு சேர்ந்தே இந்த மண்ணில் இறங்கிவிட்டது என்பதை இது காட்டுகிறது.

சேலம்: நீக்கப்பட்ட உறுப்பினரும் நூறு ரூபாயும்

19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் மற்ற ஊர்களிலும் நகராட்சிகள் ஏற்பட்டன. 1865-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் பின் வந்த 1871-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டமும் இவற்றை நடத்தின. பெயரளவில் மன்றம் இருந்தாலும் அதன் தலைமை மாவட்ட ஆட்சியரிடமே இருந்தது. அரசும் மன்றமும் மோதிக்கொள்ளும் நிலை வந்தால், மன்றத்துக்காகப் பேசத் தனிக் குரல் இல்லை.

இதன் விளைவைச் சேலத்தில் காணலாம். சி. விஜயராகவாச்சாரியார் 1882-இல் சேலம் நகராட்சி உறுப்பினரானார். அதே ஆண்டு நடந்த சேலம் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டி அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசு அவரை நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்தும் நீக்கியிருந்தது. அவர் இந்தியாவுக்கான அரசுச் செயலர் மீதே வழக்குத் தொடர்ந்தார். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் ஓர் உறுப்பினரை நீக்க முடியாது என்று 1884-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு 100 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது.

தொகை சிறிது, பாடம் பெரிது. உறுப்பினர் தாமே வழக்கறிஞராக இருந்ததால் தம் உரிமைக்காகப் போராட முடிந்தது. ஆட்சியரே தலைவராக இருந்த மன்றத்தால் அவருக்காக அரசை எதிர்த்துப் பேசியிருக்க முடியாது. அரசின் வழக்கறிஞரும் ஊரின் வழக்கறிஞரும் ஒருவராகவே இருக்க முடியாது என்பதற்கு இது பழைய சான்று.

கோப்பு யார் கையில்?

1884-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1919-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டம், 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் என்று சட்டங்கள் வளர, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் அதிகாரமும் படிப்படியாகக் கூடியது. திருப்பூர் 1917-இல் நகராட்சியானது இந்தக் காலகட்டத்தில்தான்.

ஆனால் வழக்கு நடத்தும் பொறுப்பு இரண்டு கைகளில் பிரிந்து நின்றது. 1888-ஆம் ஆண்டு பம்பாய் மாநகராட்சிச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வழக்குத் தொடரவும், எதிர்த்து வாதாடவும், சட்ட ஆலோசனை பெறவும் அது ஆணையாளருக்கு அதிகாரம் தருகிறது. வழக்கறிஞரிடம் பேசுபவரும் கோப்பை அனுப்புபவரும் அதிகாரி. செலவுக்கு ஒப்புதல் தந்து மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது மன்றம். இரண்டும் ஒத்துப்போகும் வரை சிக்கல் இல்லை. மன்றம் ஒன்று நினைக்க, அதிகாரி வேறொன்றை நீதிமன்றத்தில் சொல்லச் செய்தால், வழக்கறிஞரின் உண்மையான கட்சிக்காரர் யார் என்ற கேள்வி எழும்.

தமிழ்நாட்டில் இக்கேள்வி அண்மையில் கூர்மையாக எழுந்தது. 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. பழைய மன்றங்களின் காலமும் அம்மாதமே முடிந்தது. அதன் பின் 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல், நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. தனி அலுவலர்களே மன்றத்தின் இடத்தில் இருந்தார்கள். வழக்குகள் மட்டும் நிற்கவில்லை. வழக்கறிஞருக்கு அறிவுரை தந்தவரும் அதிகாரி, கட்டணத்தை அனுமதித்தவரும் அதிகாரி, முடிவைப் பரிசீலித்தவரும் அதிகாரி. ஊர் தன் வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேட்கக்கூட வழியில்லாத காலம் அது.

ரத்லம்: வழக்கறிஞர் கட்டணமும் சாக்கடையும்

மன்றம் தனக்கு வழக்கறிஞர் இருக்கிறார் என்பதற்காகவே எல்லா வழக்கையும் கடைசி வரை இழுக்கலாமா? இதற்கு விடை தந்தது மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி வழக்கு.

ரத்லம் நகரின் ஒரு வார்டில் திறந்த சாக்கடையும், மதுசார ஆலையின் கழிவும், கழிப்பறை இல்லாத ஏழைகள் தெருவோரத்தையே பயன்படுத்த நேர்ந்த நிலையும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கின. குடியிருப்போர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின் கீழ் நடுவரிடம் முறையிட்டார்கள். நகராட்சி சாக்கடையைச் சீர்செய்ய வேண்டும் என்று நடுவர் ஆணையிட்டார். நகராட்சி எதிர்த்துப் போனது. அமர்வு நீதிமன்றம் அதற்குச் சாதகமாகவும், உயர் நீதிமன்றம் மக்களுக்குச் சாதகமாகவும் தீர்ப்பளித்தன. நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே அது சொன்ன முக்கியமான வாதம், கையில் பணம் இல்லை என்பதுதான்.

1980 ஜூலை 29 அன்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அமர்வு அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. சட்டம் கட்டாயமாக விதித்த கடமையிலிருந்து, பணமில்லை என்று சொல்லி நகராட்சி தப்ப முடியாது என்று கூறி, கால வரம்புக்குள் வேலையை முடிக்க உத்தரவிட்டது. சாக்கடைக்குப் பணமில்லை என்ற நகராட்சி, சாக்கடை கட்டாமல் இருப்பதற்காக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியதுதான் இவ்வழக்கின் முரண்.

நல்ல வழக்கறிஞர் வழக்கை வென்று தருபவர் மட்டுமல்லர். 'இந்த வழக்கில் நம் பக்கம் நியாயம் இல்லை. மேல்முறையீட்டுக்குச் செலவிடுவதை வேலைக்குச் செலவிடுங்கள்' என்று மன்றத்துக்கு எழுத்தில் கருத்துச் சொல்லத் துணிபவரும் அவரே. கட்டணத்தை இழக்கும் அந்தத் துணிவு, நியமனம் நேர்மையாக இருந்தால்தான் வரும்.

நியமனம்: வேண்டியவரா, தகுதியானவரா?

ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்களும் மாறுவது நாடு முழுதும் உள்ள வழக்கம். உள்ளாட்சிகளிலும் இதன் சாயலைக் காணலாம். இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் மூன்று முக்கியமான தீர்ப்புகள் தந்துள்ளது. மூன்றும் மாநில அரசின் வழக்கறிஞர்களைப் பற்றியவை. ஆனால் பொதுப்பணத்தில் வழக்கறிஞர் அமர்த்தும் எந்த அமைப்புக்கும் அவற்றில் பாடம் உண்டு.

முதலாவது, 1990-ஆம் ஆண்டு ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கு. உத்தரப் பிரதேச அரசு ஒரே சுற்றறிக்கையில் எல்லா மாவட்ட அரசு வழக்கறிஞர்களையும் நீக்கியது. இது தன்னிச்சையானது, சமத்துவம் கூறும் 14-ஆம் பிரிவுக்கு முரணானது என்று நீதிமன்றம் அச்சுற்றறிக்கையைத் தள்ளியது.

இரண்டாவது, 1994-ஆம் ஆண்டு உத்தரப் பிரதேச அரசுச் சட்ட அலுவலர்கள் சங்க வழக்கு. இங்கே நீக்கப்பட்டவர்கள் தகுதி பார்த்து நியமிக்கப்பட்டவர்கள் அல்லர். கொல்லை வழியாக வந்தவர் அந்த வழியாகவே போக நேரிடும் என்ற கருத்தில் நீதிமன்றம் அவர்களுக்கு உதவ மறுத்தது. மக்களின் பணத்தை மக்களின் சார்பில் செலவிடும் அரசு, திறமையானவரைத் தேடி அமர்த்தக் கடமைப்பட்டது என்பதையும் அது வலியுறுத்தியது.

மூன்றாவது, 2016-ஆம் ஆண்டு பிரிஜேஸ்வர் சிங் சாகல் வழக்கு. பஞ்சாபில் போதிய வேலை இல்லாமலே சட்ட அலுவலர்களுக்கு ஊதியம் போனதைக் கணக்குத் தணிக்கை சுட்டிக்காட்டியிருந்தது. எத்தனை பேர் தேவை என்று முதலில் கணக்கிட்டு, பிறகு தகுதியை ஆராய்ந்து, வெளிப்படையாக நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இதையொட்டித் தமிழ்நாட்டிலும் உயர் நீதிமன்ற அரசுச் சட்ட அலுவலர்களுக்கான நியமன விதிகள் 2017-இல் வந்தன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாலை போடுவதைப் போல வழக்கறிஞர் பணிக்குக் குறைந்த தொகை கேட்பவரைத் தேர்வது பொருந்தாது. வழக்கறிஞர் விளம்பரம் செய்யவோ, வேலை தேடி வலைவீசவோ கூடாது என்பது தொழில் விதி. எனவே மன்றம் தானே விண்ணப்பம் கோரி, அனுபவம் பார்த்து, பட்டியல் தயாரித்து, நிர்ணயித்த கட்டணத்தில் அமர்த்துவதே சீரான வழி.

நியமித்தால் மட்டும் போதாது. கோப்பு உரிய காலத்தில் அவர் மேசைக்குப் போக வேண்டும். 2012-இல் அஞ்சல் துறை சம்பந்தப்பட்ட லிவிங் மீடியா வழக்கில், 427 நாள் தாமதத்தை மன்னிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்பது இனி ஏற்கத்தக்க சாக்கு அல்ல என்பது அதன் சாரம். வழக்கறிஞரும் மன்றத்தின் அறிவுரை இல்லாமல் தானாக எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. இதை 2015-இல் பல்வான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

திருப்பூர்: முப்பது ஆண்டு ஒப்பந்தம்

வழக்கு வந்த பிறகுதான் வழக்கறிஞர் தேவை என்று நினைப்பது தவறு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அவர் அதிகம் தேவைப்படுகிறார். இதற்குத் திருப்பூரே எடுத்துக்காட்டு.

பின்னலாடைத் தொழில் பெருகியபோது திருப்பூரின் சாயப் பட்டறைகளுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் போதவில்லை. லாரித் தண்ணீரை நம்பியே பல பட்டறைகள் ஓடின. இதற்காக அமைந்த புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற நிறுவனத்துடன் தமிழ்நாடு அரசும் திருப்பூர் நகராட்சியும் 2000-ஆம் ஆண்டு உரிம ஒப்பந்தம் செய்தன. காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது. ஒப்பந்தக் காலம் 30 ஆண்டு. தனியார் பங்கேற்புடன் இந்தியாவில் செயலுக்கு வந்த முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒன்றாக இதை நூல்கள் குறிப்பிடுகின்றன.

மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. முப்பது ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆறு மன்றங்களின் காலம். கையெழுத்திட்டபோது இருந்த திருப்பூர் நகராட்சி 2008-இல் மாநகராட்சியானது. 2011-இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் எட்டு ஊராட்சிகளும் அதில் இணைந்தன. முதல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பேச்சிலேயே இல்லாத ஊர்களின் மக்களும் இன்று அந்த மாநகராட்சியின் பொறுப்புகளைச் சேர்ந்து சுமக்கிறார்கள்.

இத்தகைய மூன்று தரப்பு ஒப்பந்தத்தில் நிறுவனத்துக்கு ஒரு நலன், மாநில அரசுக்கு ஒரு நலன், நகராட்சிக்கு வேறொரு நலன் இருக்கும். தண்ணீர் விலை ஏறினால் கேள்வி கேட்கப்படுவது வார்டு உறுப்பினர்தான். ஆகவே நகராட்சிக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞர், நகராட்சியின் பக்கம் மட்டும் நின்று, ஒவ்வொரு பிரிவையும் படித்து, 'இதில் கையெழுத்திட்டால் நம் ஊருக்கு இன்ன சுமை வரும்' என்று உறுப்பினர்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும். நிறுவனத்தின் வழக்கறிஞரோ அரசின் வழக்கறிஞரோ அந்த வேலையைச் செய்ய மாட்டார்; செய்யவும் கூடாது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் நகர வழக்கறிஞரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறிய ஊர்களின் மன்றங்கள் வெளியிலுள்ள சட்ட நிறுவனங்களை அமர்த்திக்கொள்கின்றன. இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு கண்காணிப்பு அலுவலர் இருக்க வேண்டும். மன்றம் எடுக்கும் முடிவு சட்டத்துக்கு முரணாகும் என்று தோன்றினால் அவர் மன்றத்துக்கே அறிக்கை தர வேண்டும். வழிகள் வேறு, மன்றத்திடம் அஞ்சாமல் சட்டத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும் என்ற நோக்கம் ஒன்றுதான்.

குடிமக்கள் கேட்க வேண்டியவை

வழக்கறிஞரும் மன்றமும் வழக்கைப் பற்றிப் பேசிக்கொள்வது இரகசியமாக இருக்கலாம். ஆனால் நியமனமும் கட்டணமும் இரகசியமல்ல. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் கேட்கலாம்: இந்த ஆண்டு மன்றத்தின் மீது எத்தனை வழக்குகள் நிலுவையில் உள்ளன? எத்தனையில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்தது? வழக்கறிஞர் பட்டியல் எந்தத் தீர்மானத்தின்படி அமைந்தது? எவ்வளவு கட்டணம் தரப்பட்டது?

அவிநாசிபாளையம் போன்ற ஊரில் கிராம சபைக் கூட்டமே இதற்கு ஏற்ற இடம். வரவு செலவு படிக்கும்போது, 'நம் ஊராட்சி மீது வழக்கு ஏதும் உண்டா, அதற்கு வக்கீல் யார், அடுத்த வாய்தா எப்போது' என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும்; அடுத்த கூட்டத்துக்குள் கோப்பு நகரத் தொடங்கும். வழக்கறிஞர் வெளியாள்தான். வக்காலத்தில் கையெழுத்துப் போடுபவர் தலைவர் அல்லது அதிகாரியாக இருப்பார். அவர் போடும் கையெழுத்து ஊருக்காக. அந்தக் கட்சிக்காரர் தன் வழக்கைப் பற்றி விசாரிக்காமல் இருந்தால், எவ்வளவு திறமையான வழக்கறிஞரை அமர்த்தினாலும் பயன் குறைவே.